மிக்சி, கிரைண்டர், குக்கர்: வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது எதைக் கொண்டு போவது, எதை விட்டுப் போவது?

கேள்வி: 9 பிப்ரவரி 2023

சென்னையிலிருந்து ஜூன் மாதம் குடும்பத்தோடு நியூ ஜெர்சிக்குக் குடிபோகிறோம். வீட்டில் 750 வாட் மிக்சி, 2 லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர், 3 லிட்டரிலும் 5 லிட்டரிலும் அலுமினியக் குக்கர்கள், இண்டக்‌ஷன் அடுப்பு, மின்சாரக் கெட்டில், ஆர்.ஓ. தண்ணீர் சுத்திகரிப்பான் எல்லாம் இருக்கின்றன. எல்லாமே நல்ல நிலையில் உள்ளவை. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிட்டால் அத்தனையையும் அங்கே ஓட்டலாம் என்கிறார் என் அண்ணன். இருப்பதை விட்டுவிட்டு அங்கே போய்ப் புதிதாக வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

10 பிப்ரவரி 2023

டிரான்ஸ்ஃபார்மர் யோசனையைக் கைவிடுங்கள். நான் நியூ ஜெர்சியில் பல ஆண்டுகள் குடித்தனம் நடத்திவிட்டு, 2019இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகருக்கு மாறியவள். இரண்டு முறை சமையலறையை முழுவதுமாகப் பிரித்துக் கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்.

இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (மின்சாரம் ஒரு நொடியில் எத்தனை சுழற்சி போடுகிறது என்பதே ஹெர்ட்ஸ்). அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் முதல் எண்ணை மட்டும்தான் மாற்றும். இரண்டாவது எண்ணைத் தொடவே தொடாது. கார்பன் பிரஷ் வைத்த மிக்சி மோட்டாருக்கு ஹெர்ட்ஸ் பெரிய பொருட்டு இல்லை. வோல்டேஜ் சரியாகக் கிடைத்தால் ஓடிவிடும். கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதன் வேகத்தை ஹெர்ட்ஸ்தான் தீர்மானிக்கிறது. 50இலிருந்து 60க்குப் போனால் சுழற்சி ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். மோட்டாரும் அதைத் தொடக்கிவைக்க உதவும் கெப்பாசிட்டரும் எந்த அளவுக்காக வடிவமைக்கப்பட்டனவோ அந்த எல்லைக்கு வெளியே நாள்தோறும் ஓட வேண்டியிருக்கும்.

மிக்சிக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். 750 வாட் மிக்சி தொடங்கும் நொடியில் அதைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும் என்பதால், இரண்டு மடங்கு திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மராவது வாங்க வேண்டும். அது செங்கல் கட்டு போலக் கனக்கும். மேடையில் ஒரு மூலையை அடைத்துக்கொள்ளும். மிக்சி ஓடாத நேரத்திலும் இணைப்பில் இருந்தால் ரீங்காரமிட்டுக்கொண்டு கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். அதற்குக் கொடுக்கும் விலையோடு இன்னும் சிறிது சேர்த்தால், 110 வோல்ட்டுக்கென்றே (அமெரிக்காவின் 120 வோல்ட்டில் ஓடும் சாதனங்களை இப்படித்தான் சொல்வார்கள்) தமிழ்நாட்டில் தயாராகும் மிக்சி ஒன்று புதிதாகக் கிடைக்கும்.

கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, சுத்திகரிப்பான் மூன்றையும் உறவினருக்குக் கொடுத்துவிடுங்கள்.

10 பிப்ரவரி 2023, இரவு

பிளக் அடாப்டரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் ஒன்றென்று எண்ணிக்கொண்டு சிலர் கேட்கிறார்கள். அடாப்டர் முள்ளின் வடிவத்தை மட்டும் மாற்றும். வோல்டேஜ் சுவரில் உள்ளபடியே வரும். ஒவ்வொரு சாதனத்தையும் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். "100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருந்தால் உலகத்தில் எங்கும் ஓடும். கைப்பேசி சார்ஜரும் மடிக்கணினியும் அந்த வகை. சமையலறைச் சாதனங்களில் அப்படி ஒன்றைக் காண்பது அரிது. அவற்றில் பெரும்பாலும் "220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்" என்றுதான் இருக்கும்.

230 வோல்ட் கெட்டிலை 120 வோல்ட்டில் மாட்டினால் வெடித்துவிடாது. நான்கில் ஒரு பங்கு சூட்டுக்குச் சற்று மேலே தரும். 1500 வாட் கெட்டில் அங்கே 400 வாட் கெட்டிலாகிவிடும். காலையில் டிகாஷனுக்குத் தண்ணீர் கொதிக்கும் வரை அதன் பக்கத்தில் யார் நிற்பது?

13 பிப்ரவரி 2023

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதற்கு நான் கடைப்பிடிக்கும் கணக்கைச் சொல்கிறேன். சூடாக்கும் சாதனங்களை, அதாவது கெட்டில், ரைஸ் குக்கர், பேக்கிங் அடுப்பு, ஏர் ஃபிரையர் ஆகியவற்றை, எந்த நாட்டுக்குப் போகிறோமோ அந்த நாட்டிலேயே வாங்க வேண்டும். சூடு என்பது எல்லா நாட்டுக்கும் பொது. அந்தந்த நாட்டுக்காரர்கள் அதை நன்றாகவே செய்து வைத்திருக்கிறார்கள். அரைக்கும் சாதனங்கள் அப்படி அல்ல. நாம் அரைப்பதைப் போல அவர்கள் அரைப்பதில்லை. ஆகவே அவர்களுடைய சாதனங்களும் நம் வேலைக்கு வருவதில்லை.

அமெரிக்கக் கடைகளில் இருக்கும் பிளெண்டர்கள் வலுவில்லாதவை என்று நான் சொல்ல வரவில்லை. அவற்றில் சில, நம் மிக்சியைவிடப் பெரிய மோட்டார் கொண்டவை. பாதாம் பருப்பை வெண்ணெயாக்கிவிடும். ஆனால் ஜாரின் வடிவம் வேறு. நிறையத் திரவம் ஊற்றி, அது சுழன்று மேலேறிக் கீழிறங்க வேண்டும் என்பதற்காக உயரமாகச் செய்யப்பட்ட ஜார் அது. அதில் நான்கு காய்ந்த மிளகாய், ஒரு பிடி தேங்காய், சிறிது பொட்டுக்கடலை, ஒரு கரண்டித் தண்ணீர் போட்டு ஓட்டிப் பாருங்கள். முதல் சுற்றிலேயே தேங்காய் சுவரில் அப்பிக்கொள்ளும். மிளகாய் பிளேடுக்கு அடியில் போய்ப் பதுங்கும். பிளேடு காற்றில் சுழன்று கத்தும். கரண்டியால் வழித்து வழித்துத் தள்ளி, கடைசியில் தண்ணீரைக் கூட்டினால்தான் அரைபடும். அப்போது அது சட்னியாக இருக்காது. நம் மிக்சியின் சின்ன ஜார் அகலம் குறைந்தது. பிளேடு அடித்தளத்தை ஒட்டிச் சுழல்வது. அரைத் தேங்காய்மூடிக்குக் கெட்டித் துவையல் அதில்தான் வரும். மஞ்சள், மல்லி, மிளகு என்று வறுத்து உலர்வாகப் பொடிப்பதும் அதே ஜாரில்தான்.

இந்த வேறுபாடு புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. இந்திய மிக்சி என்ற பொருளே இதிலிருந்துதான் பிறந்தது. 1960களில், வெளிநாட்டு மிக்சி ஒன்று நம் வீட்டு அரைவைக்குத் தாங்காமல் கருகிப்போனதைப் பார்த்த பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூர், அதற்கென்றே வலுவான மோட்டாரோடு உருவாக்கியதுதான் சுமீத். அரைக்கும் கிரைண்டருக்கும் இப்படி ஒரு பிறப்பிடம் உண்டு: 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் உருவாக்கியது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தேவை எங்கே இருந்ததோ அங்கேதான் கருவியும் உருவானது. அதனால்தான் இந்த இரண்டையும் மட்டும் நம் ஊர்த் தயாரிப்பாகவே வாங்கச் சொல்கிறேன். ஆனால் போகும் நாட்டின் வோல்டேஜுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

14 பிப்ரவரி 2023

"அமெரிக்க வீடுகளில் துணி உலர்த்திக்கு 240 வோல்ட் இணைப்பு இருக்கிறதே, அதில் மாட்டலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இணைப்பு இருப்பது உண்மை. மின்சார அடுப்புக்கும் உலர்த்திக்கும் 240 வோல்ட்தான் போகிறது. ஆனால் அந்த இணைப்புகளில் கோளாறு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் பிரேக்கர் 30 ஆம்பியரிலிருந்து 50 ஆம்பியர் வரை தாங்குவது. மிக்சியின் மெல்லிய ஒயரில் கோளாறு ஏற்பட்டால், பிரேக்கர் விழுவதற்கு முன்பே ஒயர் தீப்பற்றிவிடக்கூடும். வாடகை வீட்டில், அதுவும் மரச்சட்டத்தால் கட்டிய வீட்டில், இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

20 பிப்ரவரி 2023

கிரைண்டரைப் பற்றித்தான் தனிச் செய்திகள் அதிகம் வருகின்றன. 110 வோல்ட் மாடலை இந்தியாவிலேயே வாங்கி எடுத்துச் செல்வதா, அங்கே போய் வாங்குவதா?

2 லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர் பத்து, பன்னிரண்டு கிலோ இருக்கும். விமானத்தில் பெட்டி ஒன்றுக்கு 23 கிலோ என்பது பொதுவான வரம்பு; அதில் பாதியை ஒரே பொருளுக்குக் கொடுத்துவிடுகிறோம். நியூ ஜெர்சியின் எடிசன் நகர்ப் பக்கம் குடியேறுகிறவர்கள் அப்படிக் கொடுக்கத் தேவையில்லை. ஓக் ட்ரீ ரோட்டில் உள்ள இந்தியக் கடைகளில் 110 வோல்ட் கிரைண்டரும் மிக்சியும் அடுக்கி வைத்திருப்பார்கள், இணையத்திலும் கிடைக்கும். இந்திய விலையைவிடக் கணிசமாகக் கூடுதல்தான். ஆனாலும் வாரண்டி உள்ளூரில் இருப்பதும், பெட்டியில் இடம் மிஞ்சுவதும் அந்தக் கூடுதலை ஈடுசெய்துவிடுகின்றன. இந்தியக் கடையே இல்லாத ஊருக்குப் போகிறவர்கள் எடுத்துச் செல்லலாம்.

எடுத்துச் செல்வதென்றால் பிரித்துக் கட்டுங்கள். குழவிக்கல்லைத் தனியாக எடுத்து, பழைய பருத்தி வேட்டியை நான்காக மடித்துச் சுற்றி, பெட்டியின் நடுவில், சக்கரப் பக்கமாக வையுங்கள். சக்கரம் இருக்கும் பக்கம் கனம் இறங்கினால் பெட்டி கிழியாது. டிரம்முக்குள் துணிகளைத் திணித்தால் அது நசுங்காது, இடமும் வீணாகாது. என் அம்மா எனக்கு இப்படித்தான் கட்டிக் கொடுத்தார். எக்ஸ்ரேயில் கல்லைப் பார்த்த அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். வேட்டியைப் பிரித்துக் கல்லைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அரிசி அரைப்பதற்கு என்று சொன்னதும் திருப்பிக் கொடுத்து, நன்றாகச் சுற்றி வையுங்கள் என்றார். பூட்டைத் திறக்கவே முடியாதபடி கயிறு போட்டுக் கட்டாமல் இருப்பது நல்லது.

2 மார்ச் 2023

குக்கர். இது சூடாக்கும் பாத்திரம்தான், ஆனாலும் என் கணக்குக்குள் அடங்காத ஒன்று. மின்சாரம் தேவைப்படாததால் வோல்டேஜ் சிக்கல் இல்லை. நாம் போகும் வீட்டின் அடுப்புதான் இதைத் தீர்மானிக்கிறது.

கேஸ் அடுப்பு இருந்தால் கவலையே இல்லை. நியூ ஜெர்சியின் பல பழைய அடுக்ககங்களில் சுருள் கம்பி அடுப்பு இருக்கும். அதிலும் அலுமினியக் குக்கர் வேலை செய்யும். ஆனால் அணைத்த பிறகும் சுருள் வெகுநேரம் கனன்றுகொண்டிருப்பதால், மூன்றாவது விசில் வந்ததும் குக்கரைத் தூக்கிப் பக்கத்து அடுப்புக்கு மாற்றிவிட வேண்டும். வெறுமனே அணைத்துவிட்டு வந்தால் பருப்பு அடிப்பிடிக்கும். கண்ணாடித் தளம் போட்ட மின் அடுப்பில் பாத்திரத்தின் அடி சமதளமாக இருக்க வேண்டும். பல ஆண்டுகள் உழைத்த குக்கரின் அடி சற்றுக் குவிந்திருக்கும், அது கண்ணாடியில் ஒட்டி உட்காராமல் ஆடும், சூடும் ஏறாது. அலமாரிமேல் வைத்துத் தட்டிப் பாருங்கள். ஆடினால் அந்தக் குக்கரை விட்டுவிடுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினியம் சூடாகவே ஆகாது. காந்தம் ஒட்டும் அடிப்பாகம் வேண்டும்.

எந்த வீடு கிடைக்கும் என்று ஊரிலிருந்தே சொல்ல முடியாதவர்கள், அடியில் காந்தம் ஒட்டும் எவர்சில்வர் குக்கர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அது எல்லா அடுப்புக்கும் பொருந்தும். இரண்டு அலுமினியக் குக்கர்களையும் சுமப்பதைவிட இது மேல். இரும்புத் தோசைக்கல்லும் எல்லா அடுப்பிலும் சூடாகும் என்பதால் கண்டிப்பாகக் கொண்டு போகலாம். கண்ணாடித் தளத்தில் மட்டும் அதை இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும்.

5 மார்ச் 2023

உதிரிப் பொருட்களை மறந்துவிடாதீர்கள். குக்கர் கேஸ்கட், சேஃப்டி வால்வு, ஒரு கூடுதல் வெயிட், ஜாரை மோட்டாரோடு இணைக்கும் மிக்சியின் கப்ளர், ஜார் மூடி ரப்பர், கார்பன் பிரஷ், கிரைண்டர் பெல்ட். எல்லாம் சேர்ந்து அரைக் கிலோகூட வராது. ஒரு பிளாஸ்டிக் உறையில் அடங்கிவிடும். கேஸ்கட் வாங்கும்போது குக்கரின் கம்பெனியும் லிட்டரும் பொருந்த வேண்டும். கடைக்காரரிடம் பழையதைக் காட்டி வாங்குவதே சரி. இருபது ரூபாய் கப்ளர் தேய்ந்துபோனதற்காக மிக்சியையே குப்பையில் போட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

19 மார்ச் 2023

கிரைண்டரை எல்லாருக்கும் சிபாரிசு செய்வதுபோல் என் குறிப்புகள் தொனிக்கின்றன என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் எண்ணத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். வாரம் ஒரு முறையாவது இட்லிக்கு மாவு அரைக்கும் வீட்டுக்குத்தான் கிரைண்டர். தனியாகவோ இருவராகவோ இருந்து, மாதத்துக்கு ஓரிரு முறை அரைப்பவர்களுக்கு மிக்சியின் பெரிய ஜார் போதும்.

இரண்டு மாவும் ஒன்றாக இருக்காது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும். மிக்சியின் பிளேடு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றி வெட்டுகிறது. மாவு சீக்கிரம் சூடேறுகிறது. கிரைண்டரின் கல் மெதுவாக உருண்டு நசுக்குகிறது. உளுந்து அரைமணி நேரம் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, தொட்டால் விரலில் பஞ்சாக நிற்கும் அளவுக்குப் பொங்கி வருகிறது. மிக்சியில் அரைப்பவர்கள் உளுந்தை ஊறவைத்த பாத்திரத்தோடு குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஐஸ் தண்ணீர் தெளித்து, விட்டு விட்டு ஓட்டினால் சூட்டைக் கட்டுப்படுத்தலாம். தோசைக்கு அந்த மாவு மிக நன்றாக இருக்கும். இட்லிக்கு உளுந்தின் அளவைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மாவு புளிப்பதும் ஒரு பிரச்சினை. சென்னையில் இரவு வைத்தால் காலையில் பாத்திரத்தைத் தாண்டி வழிகிற மாவு, நியூ ஜெர்சியின் ஜனவரியில் அசையாமல் கிடக்கும். பேக்கிங் அடுப்பை மூட்டாமல் அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைப்பது பழைய வழி. இதற்காகவே அங்கே வாங்கத் தகுந்த சாதனம் ஒன்று உண்டு: கனடாவில் உருவாகி 2010இல் சந்தைக்கு வந்த இன்ஸ்டன்ட் பாட் என்னும் மின்சாரப் பிரஷர் குக்கர். அதன் தயிர் முறையைக் குறைந்த சூட்டில் வைத்தால் மாவு நன்றாகப் பொங்கும். ஆவி வெளியேறும் வழியைத் திறந்து வைத்து இட்லியும் அவிக்கலாம். அடுப்புக் குக்கரைவிட அதன் அழுத்தம் குறைவு என்பதால் கொண்டைக்கடலைக்கு மட்டும் கூடுதல் நேரம் வேண்டும். பருப்பு, சாதம், தயிர், மாவு நான்குக்கும் ஒரே பாத்திரம் என்று தனியாக இருப்பவர்கள் அதை வாங்கிக்கொள்ளலாம்.

11 ஏப்ரல் 2023

தாளிப்பையும் ஸ்மோக் அலாரத்தையும் பற்றிக் கேட்டவர்களுக்கு. அமெரிக்க அடுக்ககங்களில் அடுப்புக்கு மேல் மைக்ரோவேவும் அதன் அடியில் மின்விசிறியும் சேர்ந்தே இருக்கும். பல வீடுகளில் அந்த விசிறி புகையை வெளியே தள்ளாது. வடிகட்டி வழியாக உறிஞ்சி, நம் முகத்துக்கு நேரே திருப்பி அனுப்பும். வீடு பார்க்கப் போகும்போது சுவருக்கு வெளியே குழாய் போகிறதா என்று கேளுங்கள். வெளியே போகாத வீட்டில், காய்ந்த மிளகாய் வறுக்கும் நாளில் ஜன்னலைத் திறந்து அங்கே ஒரு சிறு விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வைத்துவிட வேண்டும். அலாரத்தின் பேட்டரியைக் கழற்றி வைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், உறங்கும் குழந்தைகளுக்காக அது அங்கே இருக்கிறது.

வற்றல் குழம்புப் பொடி, சாம்பார்ப் பொடி ஆகியவற்றுக்கான மிளகாயை ஊரிலேயே வறுத்து மில்லில் அரைத்து எடுத்துப் போவது, சாதனக் கேள்விக்கே ஒரு பதில். மிளகாய் வறுக்கும் வேலையே வீட்டுக்குள் இருக்காது.

28 மே 2023

இரண்டாவது முறை நாடு மாறுகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு. அமெரிக்காவில் சேர்த்த சமையலறை முழுவதும் அமெரிக்க மின்சாரத்துக்கு மட்டுமே பொருந்துவது என்பதை, பெட்டி கட்டும் நாளில்தான் பலரும் உணர்கிறார்கள். நாங்கள் ஐந்தோவனுக்குக் கிளம்பியபோது 110 வோல்ட் மிக்சி, கிரைண்டர், இன்ஸ்டன்ட் பாட், கெட்டில் எல்லாவற்றையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தோம். குழந்தை பிறந்த ஆண்டிலிருந்து சேர்ந்து உழைத்த கிரைண்டரைப் பிரிவது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பக்கத்துத் தெருவில் புதிதாகக் குடிவந்த திருநெல்வேலிக் குடும்பத்துக்கு அது போனதில் ஓர் ஆறுதல். எங்களோடு வந்த நண்பர் ஒருவர் 110 வோல்ட் மிக்சியை விட மனமில்லாமல் கொண்டு வந்தார். அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் உறவினர் யாரோ அடாப்டரில் மாட்டிவிட, சில நொடிகளில் மோட்டார் புகைந்துவிட்டது. குறைந்த வோல்டேஜ் சாதனம் கூடுதல் வோல்டேஜைத் தாங்காது.

நெதர்லாந்தில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இந்தியாவில் ஓடுவதெல்லாம் இங்கே அப்படியே ஓடும். ஜெர்மனி, பிரிட்டன், சிங்கப்பூர், அமீரகம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பிளக்கின் வடிவம்தான் வேறுபடும். சவுதியில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் கிரைண்டருக்குக் கவனம் தேவை. ஜப்பானில் 100 வோல்ட். அங்கே போகிறவர்கள் அமெரிக்காவுக்குப் போகிறவர்களைப் போலவே யோசிக்க வேண்டும்.

ஐரோப்பாவுக்கு வருபவர்கள் எர்த் விஷயத்தில் ஏமாறக் கூடாது. நம் கிரைண்டரின் மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகினால் ஓடத்தான் செய்யும். ஆனால் எர்த் இணைப்பு அறுந்துவிடுகிறது. ஈரக்கையோடு எவர்சில்வர் டிரம்மைத் தொட்டு வேலை செய்யும் கருவிக்கு எர்த் இல்லாமல் இருக்கக் கூடாது. இங்கே கடைகளில் எர்த் பட்டை வைத்த பிளக் தனியாகக் கிடைக்கும்; பழைய பிளக்கை வெட்டிவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு அதைப் பொருத்தச் செய்யுங்கள்.

இங்கே 2018 ஜூலை 1 முதல் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு தருவதில்லை என்று விதி வந்துவிட்டது. புதிய வீடென்றால் பெரும்பாலும் இண்டக்‌ஷன் அடுப்புதான். எவர்சில்வர் குக்கர் வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஈயச் சொம்பும் வெண்கலப் பானையும் இண்டக்‌ஷனில் சூடாகா. ரசத்துக்கு ஈயச் சொம்பு இல்லாமல் முடியாது என்பவர்கள், ரசத்தை எவர்சில்வரில் கொதிக்கவிட்டுக் கடைசியில் சொம்பில் ஊற்றி வைப்பதோடு நிறைவடைய வேண்டும்.

தண்ணீர் சுத்திகரிப்பானை ஒருவர் கப்பலில் கொண்டு வந்தார். நெதர்லாந்தில் குழாய்த் தண்ணீர் குளோரின்கூடக் கலக்காமல் குடிக்கும் தரத்தில் வருகிறது. அந்தப் பெட்டி இன்னும் பிரிக்கப்படாமல் அவருடைய நிலவறையில் இருக்கிறது.

6 ஆகஸ்ட் 2023

கேள்வி கேட்டவர் நியூ ஜெர்சி போய்ச் சேர்ந்து எழுதியிருக்கிறார். வீட்டில் சுருள் கம்பி அடுப்பு. எவர்சில்வர் குக்கரும் தோசைக்கல்லும் உதிரிகளும் எடுத்துப் போனாராம். மிக்சியை எடிசனில் வாங்கிவிட்டார். கிரைண்டருக்கு விலை பார்த்துக்கொண்டிருக்கிறார். அண்ணனுடைய டிரான்ஸ்ஃபார்மர் சென்னையிலேயே இருக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

கெட்டில் மெதுவாகக் கொதிப்பதாகச் சொல்கிறார். சுவர் இணைப்பு 15 ஆம்பியர் என்றால் 120 வோல்ட்டில் மொத்தமே 1800 வாட்தான். ஆகவே அங்குள்ள கெட்டில்கள் பெரும்பாலும் 1500 வாட்டைத் தாண்டுவதில்லை. பிரிட்டனில் 3000 வாட் கெட்டில் சாதாரணம். இது அந்த நாட்டின் அமைப்பு; கம்பெனியை மாற்றிப் பயனில்லை.

முதல் ஆண்டில் வாங்கிப் பரணில் ஏற்றும் பொருட்களை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மின்சாரச் சப்பாத்தி மேக்கர், முட்டை அவிப்பான், ஆப்ப மேக்கர். நாடு மாறுகிறவர்கள் விற்பனைக்கு வைக்கும் பட்டியல்களில் இந்த மூன்றும் இல்லாத பட்டியலை நான் பார்த்ததில்லை, எடுப்பாரும் இல்லை. தேங்காய்த் துருவி கொண்டு வந்தவர்களில் பலரும் இன்று உறைபனித் தேங்காய்த் துருவலுக்கு மாறிவிட்டார்கள். ஊர்த் தேங்காயின் பால் அதில் இல்லைதான். இருந்தாலும் வேலைக்குப் போய்வந்து சமைக்கும் வீட்டில் அது பெரிய உதவி, அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

12 நவம்பர் 2023

பலகாரத்துக்கு அரைக்க வேண்டும் என்று, புதியதற்குப் பதிலாகப் பழைய கிரைண்டர் ஒன்றை எடுக்கப் போகிறாராம் நம் நியூ ஜெர்சி நண்பர். எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறார்.

முதலில் தகட்டைப் படியுங்கள். இந்தியாவிலிருந்து கொண்டு வந்த 230 வோல்ட் கிரைண்டர்களும் அங்கே கைமாறுகின்றன. பிறகு கல்லை வெளியே எடுத்து, டிரம்மின் அடியில் பதித்த கல்லை விரலால் தடவுங்கள். விரிசலோ, கல்லுக்கும் டிரம்முக்கும் நடுவே கறுத்த இடைவெளியோ இருந்தால் வேண்டாம். அங்கே பழைய மாவு தங்கும், எத்தனை கழுவினாலும் வாடை போகாது. கல் வழவழப்பாகிவிட்டிருந்தால் அரைக்க நேரம் கூடும். விலையைக் குறைத்துக் கேட்கலாம். நடுத்தண்டில் குழவி ஆடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள். வெறுமனே ஓட்டிக் காட்டினால் எல்லாக் கிரைண்டரும் நன்றாகத்தான் ஓடும். ஆகவே ஊறவைத்த அரிசி இரண்டு கைப்பிடி கையோடு கொண்டு போய், சிறிது தண்ணீரோடு போட்டு ஓட்டுங்கள். கனம் விழுந்ததும் டிரம் நின்று நின்று சுற்றினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது; அது சின்னச் செலவு, உங்களிடம் உள்ள பெல்ட் அந்த மாடலுக்குப் பொருந்துமா என்று அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். டிரம் சுற்றாமல் மோட்டார் மட்டும் உறுமிச் சூடேறினால் கெப்பாசிட்டரோ மோட்டாரோ போய்விட்டது; அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.